பத்தாவது கிரீடம்

இங்கன உக்காரலாம்லா? ஆள் வாரது இல்லியே? நல்லதும்மா. பின்னால ரெண்டு சீட்டு காலியாத்தான் கெடக்கு. ஆனா நான் போய் உக்காந்தா பக்கத்துல இருக்கவிய எந்திச்சுப் போயிருவாவ. நீங்க ஊருக்குப் புதுசு போல, அதான் நகந்து இடம் விட்டிய. நல்லாயிருப்பிய.

பிள்ளைக்கு அஞ்சு முடிஞ்சிட்டா? பாப்பா, இங்க பாரு. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுவந்து இடது காதைத் தொடு, பாப்பம். தொட்டுட்டாளே! அப்பம் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துரலாம். இப்பம் ஆதார் கார்டு, பிறப்புச் சான்றிதழ்னு ஆயிரம் வந்தாச்சு. எனக்கு இந்தக் காதுக் கணக்குதான் நம்பிக்கை. முப்பத்தி ரெண்டு வருச சர்வீஸ்ல இந்தக் கணக்கு ஒருக்கா கூடத் தப்பினது இல்ல.

எங்க எறங்குதிய? கல்லாத்திகுளமா? ஏயப்பா, அப்பம் நம்ம ஊரு. குவாரி வேலைக்கா? வீட்டுக்காரர் முன்னாலயே போய் ஷெட்டு பாத்து வச்சிருக்காரா. இதுக்கு முன்ன எங்க? கரூர்ப் பக்கம் குவாரியா. அப்பம் பிள்ளை குவாரியிலயே பிறந்து வளந்ததுன்னு சொல்லுங்க. ம்.

நான் அந்த ஊர் டீச்சர். சுகிர்தா டீச்சர். நீங்க அங்க போய் என் பேரைச் சொல்லிக் கேக்க வேண்டாம். அவிய ஒண்ணுகெடக்க ஒண்ணு சொல்லுவாவ. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நானே சொல்லிருதேன், பொறவு நீங்களே முடிவு பண்ணுங்க. ஸ்கூல் நல்ல ஸ்கூல்மா. சாப்பாடு உண்டு, காலையில டிபன் உண்டு, யூனிபாரம், செருப்பு எல்லாம் உண்டு. என்னை சஸ்பெண்ட் பண்ணியிருக்காவ, வாஸ்தவம். சாவியும் ரிஜிஸ்டரும் ஒப்படைக்கத்தான் இப்பம் போறேன். ஆனா ஸ்கூல் என்ன தப்பு பண்ணிச்சு, சொல்லுங்க.

கவனிச்சியளா, இந்தக் கண்டக்டர் விசில் ஊத மாட்டேங்கான். கையால தகரத்தைத் தட்டுதான். நான் ஏறுனா இப்படித்தான். எதுக்குன்னு பொறவு சொல்லுதேன்.

சித்திரை மாசம் ஆபீஸ்ல கூப்பிட்டு விட்டாவ. பெரிய ஆபீசர் ஃபைலைப் பாத்துக்கிட்டே, 'டீச்சர், உங்க ஸ்கூல்ல போன வருசம் பன்னெண்டு, இந்த வருசம் அஞ்சாங்கிளாஸ் மூணு போயிருது, பத்துக்குக் கீழ வந்தா பக்கத்து ஸ்கூலோட சேத்துருவோம்'னாரு. பக்கத்து ஸ்கூல் எங்க இருக்கு? நாலு மைல். ஹைவேயைத் தாண்டணும். நம்ம பிள்ளைய நடந்து போவுமா? போவாது. வீட்டுல நிக்கும், பொறவு அதுவும் கல்லு ஒடைக்கப் போவும். ரிட்டயர்டு ஆக ரெண்டு வருசம் இருக்கு. என் கையால ஸ்கூலை இழுத்துப் பூட்டணுமா? கூட இருந்த டீச்சரும் பிரசவ லீவுல போயிட்டு. நான் ஒத்தக் கட்டை. வெயில்னு பாக்கல, ஒரு லீவு நாள் வீட்டுல உக்காரல. வீடு வீடாப் போனேன். எல்லாம் பிரைவேட் ஸ்கூல் மஞ்ச வேனுக்குப் பிள்ளையைக் குடுத்துட்டாவ. வேன் வந்து வாசல்ல ஹாரன் அடிச்சா அவியளுக்கு அது ஒரு கௌரவம். என் கையில ஒம்பது நின்னுது. ஒம்பது! ஒண்ணே ஒண்ணு வேணும்.

அப்பந்தான் வடிவு வந்தா. குவாரி ஷெட்டுல இருக்கவ. கையில ஒரு பிள்ளை. மாரிக்கனின்னு பேரு. உங்க பாப்பா உசரந்தான் இருக்கும், நெறம் கொஞ்சம் கம்மி. காதைத் தொடுன்னேன், தொட்டுட்டு. எனக்குச் சிரிப்பாணி பொறுக்கல, அழுகையும் வருது. பிள்ளையைத் தூக்கி முத்தம் குடுத்தேன். 'எட்டி, நீதாம்ட்டி என் பத்து'ன்னேன். வடிவு சொன்னா, 'டீச்சர், எங்களை வேலைக்கு ஏத்துத லாரி எட்டு மணிக்கே வந்துரும், நான் பிள்ளையைக் கேட்டுல விட்டுட்டுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க'ன்னா. 'நீ விட்டுட்டுப் போ, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்'னேன். என் வாயாலதான் சொன்னேன். இல்லன்னு சொல்லல.

ஸ்கூல் திறந்த அன்னைக்குப் பிள்ளையளை எப்படி வரவேத்தேன்னு கேளுங்க. மத்த ஸ்கூல்ல எல்லாம் ஒரு சாக்லேட்டு, ஒரு ரோசாப்பூ, தீந்து போச்சு. நான் அப்படியா? கலர் அட்டை வாங்கி, ஜிகினா ஒட்டி, பத்துக் கிரீடம் செஞ்சேன். ஒவ்வொண்ணுலயும் பிள்ளை பேரு, கொட்டை எழுத்துல. எங்க வீட்டு சார் கேலி பண்ணுதாரு, 'என்ன சுகிர்தா, பட்டாபிஷேகமா'ன்னு. ஆமா, பட்டாபிஷேகந்தான்! ஊருக்குள்ள இருந்து கொட்டு அடிச்சு ஊர்வலமா கூட்டிட்டு வரணும், கேட்டுல சரவெடி போடணும், போட்டோ எடுத்து குரூப்ல போடணும். மஞ்ச வேன்காரன் மூஞ்சியில கரியைப் பூசணும்னு எனக்கு ஒரு வெறி. ஆபீசரும் அன்னைக்கு நேர்ல வாரேன்னு சொல்லிட்டாரு, எண்ணிப் பாக்க.

தண்ணி குடிக்கியளா? வேண்டாமா. பாப்பாவுக்கு? எப்பமும் பிள்ளை பக்கத்துல தண்ணியை வச்சுக்கிடணும்மா.

அன்னைக்குக் காலையில ஒம்பது பிள்ளையளையும் கூட்டிட்டு மேலத் தெருவுல இருந்து கிளம்பினோம். டம் டம்னு கொட்டு. சனமெல்லாம் வாசல்ல வந்து பாக்குது. எனக்குப் பெருமை தாங்கல. கேட்டுக்கு வந்ததும் சரவெடியை விரிச்சுப் பத்த வச்சேன். நானேதான் பத்த வச்சேன். படபடன்னு வெடிச்சு ஒரே புகை. பிள்ளைய கையைத் தட்டுது. புகை அடங்கிப் பாத்தா, கேட்டு ஓரத்துல ஒரு பை, புதுப் பை, பக்கத்துல ஒரு தண்ணி பாட்டில். பையில மாரிக்கனின்னு குவாரி மேஸ்திரி எழுதிக் குடுத்திருக்காரு. சரி, பிள்ளை வந்தாச்சு, ஒண்ணுக்கு இருக்கப் போயிருக்கும், இல்லன்னா கூட்டத்தைப் பாத்து வெக்கப்பட்டு எங்கயாவது நிக்கும். பையை எடுத்து உள்ள வச்சேன். பாட்டிலையும் எடுத்து உள்ள வச்சேன். யாராவது மிதிச்சிரக் கூடாதுல்லா.

பத்து மணி ஆச்சு, பிள்ளையைக் காணல. கூப்பிட்டுப் பாத்தேன். கக்கூசுல பாத்தேன். அதுக்குள்ள ஆபீசர் ஜீப்பு திரும்புத சத்தம் கேக்கு. பக்கத்துல அங்கன்வாடி. ஓடிப்போய், 'ராஜகனி, ஒரு பிள்ளையைக் குடு, பத்து நிமிசம்'னேன். நாலு வயசுப் பிள்ளை, தூங்கி எந்திச்ச மூஞ்சி. தூக்கிட்டு வந்து வரிசையில நிப்பாட்டி, அந்தப் பத்தாவது கிரீடத்தை அது தலையில வச்சேன். பெருசா இருந்துச்சு, கண்ணு வரைக்கும் எறங்கிட்டு. இதுல என்னம்மா பெரிய குத்தம்? இந்தத் திசையில எல்லா ஸ்கூல்லயும் ஆபீசர் வந்தா இதுதான் நடக்கு. நான் மட்டும் அரிச்சந்திரனா இருக்கணுமா? பிள்ளை வந்திரும், வந்ததும் மாத்திரப் போறேன். ரிஜிஸ்டர்லயும் காலைக் கோடு போட்டுட்டேன். எங்களுக்குக் காலையில ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடு. ரெண்டும் சேந்து பெருக்கல் குறி மாதிரி விழுந்தா பிள்ளை அன்னைக்கு முழுநாளும் வந்திருக்குன்னு அர்த்தம்.

ஆபீசர் எண்ணினாரு. பத்து. 'சபாஷ் டீச்சர்'னு கையைத் தூக்கிக் கும்பிட்டாரு. போட்டோ எடுத்தோம்.

அந்த நேரம் பாத்து ஆட்டுக்கார சங்கிலி அண்ணாச்சி வந்து ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. மணி பதினொண்ணு இருக்கும். 'டீச்சரம்மா, பழைய கெடங்குக்குள்ள பாறை இடுக்குல ஒரு பொம்பளப் பிள்ளை ஒளிஞ்சி உக்காந்திருக்கு, பச்சைப் பாவாடை, உங்க ஸ்கூல் பிள்ளையா? கூப்பிட்டா வரமாட்டேங்கு. இன்னும் விசில் ஊதலன்னு சொல்லுது'ன்னாரு. ஸ்கூலுக்குப் பின்னால பழைய குவாரிப் பள்ளம் உண்டும்மா, தண்ணி கெடக்கும். அதைத்தான் கெடங்குங்கோம். வேலி போடுங்கன்னு நான் மூணு மனு எழுதியிருக்கேன். நகல் இருக்கு. பையிலயே இருக்கு, காட்டட்டா?

ஆபீசர் என்னையப் பாக்காரு. நான் என்ன சொல்ல? 'எங்க பிள்ளைய பத்தும் உள்ளதான் இருக்கு அண்ணாச்சி, அது ஷெட்டுப் பிள்ளையா இருக்கும், அவிய அம்மை வந்து கூட்டிக்கிடுவா'ன்னு சொல்லிட்டேன். அவரும் 'அப்பம் சரி'ன்னு ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டாரு. பெரிய மனுசன், அவர் தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா? அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. பழியெல்லாம் எனக்கு.

விசில்னு அவரு சொன்னது எனக்கு வெளங்கல. சத்தியமா வெளங்கல. நீங்க ஏம்மா வாயைப் பொத்துதிய? உங்களுக்குத் தெரியுதா? தெரியும், நீங்க குவாரி ஆளு. எனக்கு யாரு சொன்னா? பதினோரு வருசம் அந்த ஊர்ல வேலை பாத்தேன், ஒரு ஆளு சொல்லல. குவாரியில பாறைக்கு வேட்டு போட்டா பிள்ளைய ஓடிப்போய்ப் பாறைக்குப் பின்னால ஒளியணும், மேஸ்திரி நீளமா விசில் ஊதுத வரைக்கும் யார் கூப்பிட்டாலும் வெளிய வரக்கூடாது. வந்தா அடி. நடக்கப் படிக்கும்போதே இதைத்தான் படிச்சுக் குடுக்கியளாமே. என் சரவெடி அதுக்கு வேட்டு. எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் கேட்டதும் இல்ல, அது வேற.

ஆபீசர் சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புனாரு. சாப்பாட்டு நேரத்துல வடிவு, மேஸ்திரி போன்ல இருந்து கூப்பிட்டா. 'டீச்சர், பிள்ளை அழுதாளா?'ன்னு கேக்கா. மொத நாள் எல்லா அம்மையும் இதான் கேப்பா. முப்பத்தி ரெண்டு வருசமா ஒரே பதில்தான் சொல்லி வச்சிருக்கேன். அது தன்னால வாயில வந்துட்டு. 'ஒரு சொட்டு அழலம்மா, தங்கமா உக்காந்திருக்கு'ன்னேன். அவ அங்க சிரிக்கா. எனக்குக் கேக்கு, பக்கத்துல இருக்கவகிட்ட, 'அழலயாம்ட்டி'ன்னு சொல்லிச் சிரிக்கா.

ஜீப்பு போனதும் நான் தேடியிருக்கலாம். தேடியிருக்கலாம்னு இப்பம் எல்லாரும் சொல்லுதாவ. ஒத்தை டீச்சர், ஒம்பது பிள்ளை, அன்னைக்கே ஆன்லைன்ல ஏத்த வேண்டியது ஏழு ஃபாரம், நெட்டு சுத்திக்கிட்டே நிக்கு. பை உள்ள இருக்கு, பாட்டில் உள்ள இருக்கு. அதைப் பாக்க பாக்க பிள்ளையும் இங்கனதான் எங்கயோ இருக்குன்னு மனசு சொல்லுது. ஒண்ணரை மணிக்கு மத்தியானக் கோடும் போட்டேன். பழக்கம். பேனா தன்னால போவுதும்மா.

மூணே முக்காலுக்கு வடிவு வந்தா. லாரியில வரல, ஓடி வந்திருக்கா. மேஸ்திரி பிள்ளையும் நம்ம ஸ்கூல்தான், அதனால அவர் போனுக்குப் போட்டோ போயிருக்கு. 'இன்னா பாரு வடிவு, உன் மக பேரு எம்புட்டு அழகா எழுதியிருக்கு'ன்னு காட்டியிருக்காரு. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பேரை அவர் விரல் வச்சுக் காட்டக் காட்டப் பாத்திருக்கா. மூஞ்சியை அவளே பாத்துட்டா.

வாசல்ல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டா, 'டீச்சர், கிரீடத்துல என் பிள்ளை பேரு இருக்காம். கிரீடத்துக்குக் கீழ இருக்கது யாரு?'

நான் பையைக் காட்டுனேன். 'பை இருக்கே வடிவு'ன்னேன். அவ பையைத் தொடல. பாட்டிலை எடுத்து ஆட்டிப் பாத்தா. காலையில நிரப்பிக் குடுத்தது, தளும்பத் தளும்ப அப்படியே இருக்கு. தரையைப் பாத்தா. கேட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தா. வெடிச்ச பேப்பர் சிவப்பு சிவப்பா அங்கயே கெடக்கு, நான் பெருக்கல. அதைப் பாத்ததுந்தான் ஒரு சத்தம் போட்டா பாருங்க. அப்படி ஒரு சத்தத்தை நான் பிரசவ ஆஸ்பத்திரியில கூடக் கேட்டது இல்ல.

கெடங்குக் கரைக்கு ஓடுனோம். சங்கிலி அண்ணாச்சி சொன்ன பாறை இடுக்கு காலியா இருக்கு. ஒரு செருப்பு மட்டும் கெடக்கு. மேஸ்திரி பின்னாலயே ஓடி வந்திருந்தாரு. அவர் கழுத்துல கெடந்த விசிலைப் பிடுங்கி வடிவு ஊதுனா. நீளமா ஊதுனா. நிப்பாட்டுவா, கேப்பா, திரும்ப ஊதுவா. 'வெளிய வந்துரு தாயி, விசில் ஊதியாச்சு'ங்கா. திரும்ப ஊதுதா. எம்புட்டு நேரம் ஊதுனான்னு தெரியல. தண்ணிக்குள்ள இருந்து எடுத்த பொறவும் ஊதிக்கிட்டுத்தான் இருந்தா. மேஸ்திரிதான் அவ கையைப் பிடிச்சு விலக்கி விட்டாரு.

தாகத்துக்கு எறங்கியிருக்கு. பாசி வழுக்கிட்டு. ரெண்டு மணிக்கு மேலதான்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காராம். ரெண்டு மணி வரைக்கும், அந்த வெயில்ல, சொன்ன பேச்சுக் கேட்டு அப்படியே உக்காந்திருந்திருக்கு. நான் ரெண்டாவது கோடு போடும்போது அது உசுரோடதாம்மா இருந்திருக்கு.

அதுலருந்துதான் இந்தக் கண்டக்டர் விசில் ஊதாதது. ஒருநா அவன் ஊதுனப்ப நான் ஓடுத பஸ்ஸுல எந்திச்சு நின்னு, 'வந்துரு, வந்துரு'ன்னு கத்துனேனாம். எனக்கு ஞாபகம் இல்ல. சனங்க சொல்லுது.

விசாரணையில எல்லாம் சொல்லிட்டேன். அங்கன்வாடிப் பிள்ளை, கோடு, போட்டோ எல்லாம். ஒண்ணை மட்டும் சொல்லல. உங்ககிட்ட சொல்லுதேன், நீங்க ஆரோ, நான் ஆரோ. திரியில தீக்குச்சியை வச்சப்ப, கேட்டு ஓரத்துல பையை மடியில வச்சுக்கிட்டு ஒரு பிள்ளை உக்காந்திருந்ததை நான் பாத்தேன். என்னையப் பாத்துச் சிரிச்சுது. 'கொஞ்சம் தள்ளி உக்காரு'ன்னு சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள திரி பிடிச்சிட்டு. புகைக்குள்ள பச்சையா ஒண்ணு ஓடுச்சு. பாத்தேம்மா. விளையாட்டுப் பிள்ளை, சுத்தி வந்துரும்னு விட்டுட்டேன். எனக்குப் பத்து வேணும், பத்து வந்தாச்சு. அந்த நேரத்துல அவ்வளவுதான் ஓடுச்சு என் புத்தியில.

அந்தப் பிள்ளை பேரை இன்னும் அடிக்கல. ரிஜிஸ்டர்ல பத்து அப்படியே இருக்கு. ஆனா மிச்சம் ஒம்பதையும் டி.சி. வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாவ. நேத்து அந்த மஞ்ச வேனு நம்ம ஸ்கூல் வாசல்லயே திரும்பிப் போச்சாம். அதுக்குத்தான் உங்க பாப்பாவைச் சேக்கச் சொல்லிக் கேக்கேன். ஒரு பிள்ளை வந்தாக்கூட நாளைக்கு வார டீச்சர் கதவைத் திறக்கணும். கிரீடம் என் பையில இருக்கு. பேரை மட்டும் அழிச்சு...

எதுக்கு எந்திக்கிய? கல்லாத்திகுளம் இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கு. உக்காருங்கம்மா. நான் பிள்ளையைப் பிடிச்சுக்கிடவா செய்யுதேன்? சரி, சரி, கிரீடம் வேண்டாம். உள்ள வச்சிருதேன். இன்னா, வச்சாச்சு.

ஐயோ. கேட்டுச்சா? பஸ்ஸே அதிருது. பயப்படாதிய, இது நம்ம குவாரி வேட்டுதான். பன்னெண்டு மணி வேட்டு.

பாப்பா எங்க?

அன்னா, சீட்டுக்கு அடியில. எம்புட்டு வேகமா போயிட்டு பாருங்க, நீங்க கையைப் பிடிச்சிருக்கும்போதே. ஏட்டி, வெளிய வா தாயி. இது பஸ்ஸுட்டி, இங்கன கல்லு விழாது. வரமாட்டேங்கே. தலையைக் கவுத்துக்கிட்டு இருக்கு. என்ன சொல்லுது? குனிஞ்சு கேளுங்க, எனக்குக் காதுல விழல.

வேண்டாம், சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்.

ஏ கண்டக்டர் தம்பி! விசில் ஊதுப்பா! என்னையப் பாக்காத, நான் ஒண்ணும் கத்த மாட்டேன், ஊது! இவன் கொண்டு வாரதே இல்ல போலிருக்கு. பொறுங்க, என் பையில ஒண்ணு உண்டு. டிரில் பீரியடு விசில். அன்னைக்கும் இந்தப் பையிலதாம்மா இருந்துச்சு. இன்னா.

வாய்க்கிட்ட கொண்டு போறேன், மூச்சு வரமாட்டேங்கு. காத்துதான் வருது, சத்தம் வரல. பிடிங்கம்மா. உங்க புடவையில துடைச்சுட்டு ஊதுங்க. நீளமா ஊதணும். சீக்கிரம் ஊதுங்கம்மா, பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு.